கொடுங்கோலர் பட்டியலைப் படிப்பது எப்படி?

"வரலாற்றிலேயே மிகக் கொடூரமான பத்துப் பேர்" என்கிற மாதிரிப் பட்டியல் ஒன்றையாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீரோ, காலிகுலா, செங்கிஸ் கான், டிராகுலா என்று பெயர் வாங்கிய விளாட், ரஷ்யாவின் இவான், எலிசபெத் பாத்தோரி, ஹிட்லர், ஸ்டாலின், போல் பாட், இடி அமீன் என்று பெயர்கள் வரிசையாக வரும். ஒவ்வொரு பெயருக்கும் கீழே உடம்பு சிலிர்க்கிற ஒரு கதை, பக்கத்தில் ஒரு பெரிய எண். படித்து முடித்ததும் இப்படியும் மனிதப் பிறவிகளா என்று ஒரு பெருமூச்சு வரும். அதற்கு மேல் எதுவும் புரிந்திருக்காது.

அந்தப் பட்டியல் பல வகைச் சங்கதிகளை ஒரே தட்டில் வைக்கிறது. ஒருவர் செத்து ஐம்பது வருஷம் கழித்து எழுதப்பட்ட வதந்தி, எதிரி அச்சடித்துப் பரப்பிய துண்டுப்பிரசுரம், மன்னனே கல்லில் வெட்டி வைத்த தற்பெருமை, ஆவணக் காப்பகத்தில் கையெழுத்தோடு கிடக்கும் உத்தரவு எல்லாமே அதில் ஒரே எழுத்தில், ஒரே தொனியில் வரும். யார் யாரைவிடக் கொடியவர் என்ற போட்டியில் எனக்கு ஆர்வம் இல்லை. அதைவிட உருப்படியான கேள்விகள் இரண்டு உண்டு: இந்தச் செய்தி நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தது? அந்தக் கொடுமை நடைமுறையில் எப்படி நடத்தப்பட்டது? இந்த இரண்டையும் கேட்கப் பழகிவிட்டால் எந்தப் பட்டியலையும் நிதானமாகப் படிக்கலாம்.

எல்லோருக்கும் தெரிந்த ரோமானியச் சக்கரவர்த்தி நீரோவிலிருந்து தொடங்குவோம். ரோம் பற்றி எரிந்தபோது பிடில் வாசித்தவன் என்று இன்றைக்கும் மேடைப் பேச்சில் அடிபடுகிற பெயர். தீ பிடித்தது கி.பி. 64 ஜூலையில். பிடில் என்ற கருவி ஐரோப்பாவுக்கு வருவதற்கே அதற்கப்புறம் பல நூற்றாண்டுகள் ஆயின. சரி, கருவி எதுவாகவோ இருக்கட்டும், பாடியாவது இருப்பானா? தீயைப் பற்றி விரிவாக எழுதியவர் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ். தீ பிடித்தபோது அவர் சின்னப் பையன். எழுதியது சுமார் ஐம்பது வருஷம் கழித்து. நீரோமீது அவருக்கு எள்ளளவும் பாசம் கிடையாது. அவரே சொல்கிறார்: தீ தொடங்கியபோது நீரோ ரோமில் இல்லை, ஆன்டியம் என்ற கடலோர ஊரில் இருந்தான், திரும்பி வந்து வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டான், தானிய விலையைக் குறைத்தான். டிராய் நகர அழிவைப் பற்றி அவன் பாடினான் என்பது அப்போது ஊருக்குள் ஓடிய வதந்தி என்றே டாசிடஸ் எழுதுகிறார். பின்னால் வந்த சூட்டோனியஸ், அவருக்கும் ஒரு நூற்றாண்டு பிந்திய காசியஸ் டியோ ஆகியோரிடம் அந்த வதந்தி நடந்த சம்பவமாக மாறிவிடுகிறது.

இதைக் கேட்டதும் "அப்படியென்றால் பாவம் நீரோ" என்று எதிர்ப்பக்கம் சாயவும் கூடாது. கி.பி. 59ல் பெற்ற தாய் அக்ரிப்பினாவைக் கொல்ல ஏற்பாடு செய்தவன் அவன். தீ விபத்துக்குப் பின் பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் போட்டு, அவர்களில் சிலரை இரவு விளக்குகளாக எரித்தான் என்று சொல்வதும் அதே டாசிடஸ்தான். ஒரு சாட்சி தனக்குப் பிடிக்காதவனைப் பற்றி நல்லதும் சொல்கிறார் என்றால், அவர் சொல்லும் கெட்டதையும் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம். வரலாற்றாசிரியர்கள் எடை போடுவது இப்படித்தான். இன்னொரு சக்கரவர்த்தி காலிகுலா தன் குதிரையைக் கான்சல் என்ற உயர் ஆட்சிப் பதவியில் அமர்த்தினான் என்ற கதையையும் இதே முறையில் உரசிப் பார்க்கலாம். அப்படிச் செய்ய அவன் எண்ணியிருந்ததாகச் சொல்லப்படுகிறது, அவ்வளவுதான் சூட்டோனியஸ் எழுதியது. குதிரை பதவியேற்கவே இல்லை. இணையத்தில் மட்டும் பதவியேற்றுவிட்டது.

ரோமானியச் சக்கரவர்த்திகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி செனட் என்ற மேல்தட்டுச் சபையின் வட்டாரத்துப் பணக்கார ஆண்கள் எழுதியது. அவர்களுடைய அதிகாரத்தைப் பறித்த சக்கரவர்த்தி கொடியவன், அவர்களை மதித்தவன் நல்லவன் என்ற சாய்வு அதில் இருக்கும். அதோடு ஒரு வம்சம் விழுந்து இன்னொன்று வந்தால், முந்தியவன் எவ்வளவு கொடியவனோ அவ்வளவுக்குப் புதியவனுக்கு நியாயம் கூடும்.

இதே கதை சீனத்தில் இன்னும் சுவாரசியமாக நடந்திருக்கிறது. கி.மு. 221ல் சீனத்தை ஒரே குடையின் கீழ் கொண்டுவந்த சின் ஷி ஹுவாங் புத்தகங்களை எரித்தான், 460 அறிஞர்களைப் புதைத்தான் என்று எழுதியவர் சீமா சியென். அவர் எழுதியது சுமார் நூறு ஆண்டுகள் கழித்து, சின் வம்சத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வந்த ஹான் வம்சத்தின் அரசவையில் இருந்துகொண்டு. சின் சட்டம் எப்படிப்பட்டது என்பதற்கு அவர் சொல்லும் பிரபலமான சம்பவம் ஒன்று உண்டு. கி.மு. 209ல் அரசுப் பணிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கூட்டம் மழையால் தாமதமாகிறது. தாமதத்துக்குத் தண்டனை மரணம். எப்படியும் சாகத்தான் போகிறோம், கிளர்ச்சி செய்துவிட்டே சாவோம் என்று சென் ஷெங் என்பவர் கூட்டத்தைத் திரட்டுகிறார். வம்சமே கவிழ்ந்ததற்கு அதுதான் தொடக்கம்.

1975ல் ஹூபே மாகாணத்தில் ஷுய்ஹுதி என்ற இடத்தில் ஒரு சின் காலத்து அதிகாரியின் கல்லறையைத் தோண்டினார்கள். உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் சுவடிகள்; பெரும்பாலும் சட்டமும் நிர்வாக விதிகளும். அதில் கட்டாய உழைப்புக்குத் தாமதமாக வருகிறவர்களுக்கான விதியும் இருக்கிறது. மூன்றிலிருந்து ஐந்து நாள் தாமதம் என்றால் கண்டிப்பு. ஆறிலிருந்து பத்து நாள் என்றால் ஒரு கேடயத்தின் விலை அபராதம். அதற்கு மேல் போனால் ஒரு கவசத்தின் விலை. மரண தண்டனை என்ற பேச்சே இல்லை. படைக் காவலுக்குப் போகிறவர்களுக்கு வேறு விதி இருந்திருக்கலாம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு, அது நியாயமான வாதம்தான். ஆனால் அந்தச் சுவடிகளில் தெரிவது வெறிபிடித்த ஒருவனின் ஆட்சி இல்லை. எல்லாவற்றையும் அளந்து, எண்ணி, எழுதி வைத்துத் தண்டித்த அரசு. முகத்தில் பச்சை குத்துவது, மூக்கை அறுப்பது எல்லாம் அந்தச் சட்டத்தில் உண்டு. அவையும் படிப்படியாக வரிசைப்படுத்தித்தான் வைக்கப்பட்டிருந்தன.

அடுத்தது விளாட். வல்லாக்கியாவை, அதாவது இன்றைய ருமேனியாவின் தென்பகுதியை, முக்கியமாக 1456 முதல் 1462 வரை ஆண்டவன். கழுவேற்றுவதற்குப் பெயர்போனவன். 1897ல் வந்த ஒரு ஆங்கில நாவல் அவனுடைய பட்டப்பெயரை எடுத்து ஒரு ரத்தக் காட்டேரிக்கு வைத்துவிட்டதால், உண்மையான மனிதனைத் தேடுவதே இப்போது கொஞ்சம் சிரமம். விளாட் ஆட்சிக்கு வந்த நேரத்தில்தான் ஐரோப்பாவில் அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கியிருந்தது. சில பத்தாண்டுகளுக்குள் அவனைப் பற்றிய ஜெர்மன் பிரசுரங்கள் நன்றாக விற்றன. கழுமரங்களுக்கு நடுவே உட்கார்ந்து அவன் விருந்து சாப்பிடுகிற மரச்செதுக்குப் படம் இன்றும் எல்லாக் கட்டுரைகளிலும் வரும். அது அந்தப் பிரசுரங்களில் ஒன்றிலிருந்து வந்ததுதான். அந்தக் கதைகளின் ஊற்று பக்கத்து டிரான்சில்வேனியாவில் இருந்த ஜெர்மன் வணிகர்கள். வணிகத் தகராறில் விளாட் அவர்களுடைய ஊர்களைத் தாக்கியிருந்தான். 1462ல் அவனைச் சிறைப்பிடித்த ஹங்கேரி மன்னன் மத்தியாஸுக்கும், துருக்கியரை எதிர்த்த ஒரு கிறிஸ்தவ மன்னனை ஏன் பிடித்து வைத்தோம் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

சுவையான விஷயம், ஸ்லாவிய மொழியிலும் விளாட் கதைகள் புழங்கின. அவற்றிலும் கழுமரம் உண்டு, ஆனால் தொனி வேறு. ஊற்று அருகில் பொற்கிண்ணம் ஒன்றை வைத்திருந்தானாம், அவன் ஆட்சியில் ஒருவனுக்கும் அதைத் திருடத் துணிவில்லையாம். அதே கொடுமை அங்கே கண்டிப்பான நீதியாகிவிடுகிறது.

எல்லாம் எதிரிகள் கட்டிய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 1462 பிப்ரவரியில் விளாட் தானே மத்தியாஸுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. டான்யூப் கரையில் நடத்திய படையெடுப்பில் கொன்றவர்களின் எண்ணிக்கையை 23,884 என்று தருகிறான். வீட்டோடு எரிந்தவர்களும் தலை கொண்டுவந்து காட்டப்படாதவர்களும் அந்தக் கணக்கில் சேரவில்லை என்றும் சொல்கிறான். இது அவனே கொடுத்த கணக்கு. உதவிப்படை கேட்டு எழுதிய கடிதம் என்பதால் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம், அதையும் மனதில் வைக்க வேண்டும்.

இது நம்மை வேறொரு வகைக்குக் கொண்டுபோகிறது: தங்கள் கொடுமையைத் தாங்களே விளம்பரப்படுத்திக்கொண்டவர்கள். அசீரிய மன்னன் இரண்டாம் அசூர்நசிர்பால் (கி.மு. 883–859) தன் கல்வெட்டுகளில் கிளர்ச்சி செய்த ஊர்த் தலைவர்களின் தோலை உரித்ததையும், அந்தத் தோலைச் சுவரில் விரித்ததையும், கைகால் வெட்டியதையும் ஊர் ஊராகப் பட்டியலிடுகிறான். அதில் வெட்கமோ மறைப்போ இல்லை. அடுத்த ஊர் சண்டையில்லாமல் கப்பம் கட்ட வேண்டும், அதற்காகத்தான் எழுதியது. மத்திய ஆசியாவின் தைமூரும் இந்த ரகம். 1387ல் பாரசீக நகரமான இஸ்ஃபகானின் மக்கள் அவனுடைய வரி வசூலிப்பாளர்களைக் கொன்றபோது நகரத்தையே வெட்டிச் சாய்த்து மண்டையோடுகளால் கோபுரங்கள் எழுப்பினான். வழக்கமாகச் சொல்லப்படும் எண்ணிக்கை 70,000. தைமூரின் அரசவைப் புகழ்ச்சி வரலாறுகள் இதையெல்லாம் பெருமையோடு பதிவு செய்கின்றன. இப்படிப்பட்ட சாட்சியத்தில் சந்தேகம் எதிர்த்திசையில் வர வேண்டும். இங்கே மிகைப்படுத்தியது எதிரியாக இருக்காது, சொந்தக்காரனாகவே இருக்கும்.

அசோகர் இந்த வரிசையில் ஒரு தனிப்பிறவி. கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டார்கள் என்று அவரே பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் சொல்கிறார், வருந்துகிறேன் என்ற வாக்குமூலத்தோடு. மற்ற இடங்களில் இருக்கும் அந்த வருத்தக் கல்வெட்டு கலிங்கத்தில் இல்லை. அங்கே தௌலியிலும் ஜௌகடாவிலும் அதை விட்டுவிட்டு, வேறு இரண்டு கல்வெட்டுகளை வைத்திருக்கிறார்கள். அடிபட்டவர்களிடம் அந்த எண்ணைப் படித்துக் காட்டுவது அரசியலுக்கு ஒத்துவராது என்று யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. பிற்கால பௌத்த நூல்களோ, மனம் மாறுவதற்கு முந்திய அசோகரை இன்னும் கருப்பாக்கின. வெளியே அழகாகவும் உள்ளே சித்திரவதைக் கூடமாகவும் ஒரு சிறை கட்டினார் என்றெல்லாம் கதை வளர்ந்தது. முன்னே இருட்டு கூடக் கூட, பின்னே வெளிச்சம் பளிச்சென்று தெரியும் அல்லவா?

எண்களுக்கு வருவோம். 1221ல் மங்கோலியப் படை பாரசீக நகரமான நிஷாபூரில் 17,47,000 பேரைக் கொன்றது என்ற எண் பரவலாகச் சுற்றுகிறது. அந்தக் காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய நகரங்களிலேயே அத்தனை பேர் இருந்திருப்பார்களா என்பது சந்தேகம். நகரம் அழிந்தது உண்மை, படுகொலை நடந்ததும் உண்மை. ஆனால் அந்த எண்ணை எண்ணாகப் படிக்கக் கூடாது. கணக்கே இல்லாத சாவு என்பதை அந்தக் காலத்து எழுத்தாளர்கள் அப்படி எழுதினார்கள். கேட்டவன் பயந்து கதவைத் திறந்துவிட்டால் மங்கோலியருக்கும் லாபம்தான், அதனால் அவர்களும் மறுக்கப் போவதில்லை.

நவீன காலத்து எண்களும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. பெல்ஜிய மன்னன் இரண்டாம் லியோபோல்ட் 1885 முதல் 1908 வரை காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்தான். அங்கே ஒரு கோடிப் பேர் செத்தார்கள் என்று எல்லாப் பட்டியல்களிலும் வரும். முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்ததோ 1924ல். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வந்த ஊகம் அது. அதைவிட மிகக் குறைவாகச் சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. கொலை, பட்டினி, ஊரைவிட்டு ஓடியது, தூக்க நோய், பிறப்பு குறைந்தது எல்லாம் சேர்ந்த சரிவு அது. கணக்குத் தெரியாததற்கு இன்னொரு காரணம், 1908ல் காங்கோவைப் பெல்ஜிய அரசிடம் ஒப்படைக்கும் முன் லியோபோல்ட் தன் ஆவணங்களை எரித்துவிட்டான். பிரஸ்ஸல்ஸில் நாள்கணக்கில் உலை எரிந்தது.

ஸ்டாலின் விஷயம் நேர்மாறு. சோவியத் ஒன்றியம் உடைந்து கோப்புகள் திறந்ததும், 1937, 1938 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் அரசியல் குற்றச்சாட்டில் சுடப்பட்டவர்கள் 6,81,692 பேர் என்று ரகசியப் போலீசின் சொந்தப் பதிவே சொன்னது. இப்படிக் கடைசி இலக்கம்வரை ஒரு எண் கிடைத்தால் அது அலுவலகத்தில் பிறந்த எண் என்று புரிந்துகொள்ளலாம். அதுவும் முழுக் கணக்கு ஆகாது. கட்டாய உழைப்பு முகாம்களில் செத்தவர்களும் 1932–33 பஞ்சத்தில் செத்த லட்சக்கணக்கானவர்களும் அதில் இல்லை. சீனத்தில் மாவோ காலத்துப் பெரும் பஞ்சத்துக்கு (1958–62) மதிப்பீடுகள் ஒன்றரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடிவரை போகின்றன. அங்கே எண்ணைத் தாண்டி இன்னொரு கேள்வியும் வருகிறது: கொல்ல வேண்டும் என்று செய்ததும், சாகிறார்கள் என்று தெரிந்தும் கொள்கையை மாற்றாமல் இருந்ததும் ஒரே குற்றமா? இன்னும் முடிவுக்கு வராத விவாதம் அது.

இனி இரண்டாவது கேள்வி. என் கணிப்பில் இதுதான் முக்கியமானது, பட்டியல்கள் அநேகமாகத் தொடாததும் இதுதான். ஒரு மனிதன் லட்சக்கணக்கானவர்களை எப்படிக் கொல்கிறான்?

அவன் கொல்வதில்லை. லியோபோல்ட் தன் வாழ்நாளில் ஒருமுறைகூடக் காங்கோவில் கால் வைத்ததில்லை. அவனுடைய நிர்வாகம் ஒவ்வொரு ஊருக்கும் இத்தனை ரப்பர் என்று விதித்தது. கொண்டுவராத ஊருக்குச் சிப்பாய்கள் போனார்கள். தோட்டாவை வேட்டைக்கு வீணடிக்கக் கூடாது என்று மேலதிகாரிகளுக்குக் கவலை. சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் செத்தவரின் வலது கையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. வேட்டைக்குச் சுட்ட சிப்பாய், கணக்கை நேர்செய்ய உயிரோடு இருப்பவரின் கையை வெட்டினான். வெட்டுண்ட கைகளோடு நிற்கும் மனிதர்களின் புகைப்படங்கள் இந்தத் தோட்டாக் கணக்கின் விளைவு. தனிப்பட்ட வெறியை வைத்து மட்டும் இதை விளக்க முடியாது.

வெளியுலகுக்கு இது தெரியவந்த விதமும் ஒரு கணக்கிலிருந்துதான். எட்மண்ட் மோரல் என்ற கப்பல் கம்பெனி குமாஸ்தா ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் சரக்குகளைப் பார்த்தார். காங்கோவிலிருந்து ரப்பரும் தந்தமும் மலைமலையாக வருகின்றன. திரும்பிப் போகும் கப்பலில் துப்பாக்கியும் தோட்டாவும்தான் அதிகம், விலையாகக் கொடுக்கப் பொருள் எதுவும் போகவில்லை. விலை கொடுக்காமல் சரக்கு வருகிறது என்றால் அங்கே நடப்பது அடிமை உழைப்பு என்று அவர் கண்டுபிடித்தார். பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மெண்டின் 1904 அறிக்கை அதை உறுதி செய்தது.

ஸ்டாலினின் ரஷ்யாவிலும் இதே வாடை. 1937 ஜூலை 30 தேதியிட்ட 00447ஆம் எண் உத்தரவு, ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை பேரைச் சுட வேண்டும், எத்தனை பேரை முகாமுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒதுக்கீடு செய்தது. முதல் வகை சாவு, இரண்டாம் வகை முகாம். பெயர்கள் பின்னால்தான் நிரப்பப்பட்டன. மூன்று பேர் கொண்ட குழு கோப்புகளை வரிசையாகப் பார்த்துத் தீர்ப்பு எழுதும். குற்றம் சாட்டப்பட்டவர் அறையில் இருக்கத் தேவையில்லை. ஒதுக்கீடு முடிந்ததும் பகுதி அதிகாரிகள் "இன்னும் கொடுங்கள்" என்று மாஸ்கோவுக்கு எழுதினார்கள். குறைவாகச் சுட்டால் தன்மீதே சந்தேகம் வரும் என்ற பயம் ஒரு பக்கம், பதவி ஆசை ஒரு பக்கம். இது போகப் பெரிய புள்ளிகளுக்குத் தனிப் பட்டியல்கள்: 383 பட்டியல்கள் ஸ்டாலினிடமும் நெருங்கிய சகாக்களிடமும் போய்க் கையெழுத்தாகி வந்தன. இதையெல்லாம் ஓட்டிய ரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவையும் 1940ல் சுட்டுவிட்டார்கள்.

யூதப் படுகொலையில் இந்த அலுவலகத் தன்மை உச்சத்துக்குப் போனது. 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் ஓரத்தில் வான்சீ ஏரிக்கரையில் ஒரு மாளிகையில் 15 அதிகாரிகள் கூடினார்கள். அவர்களில் எட்டுப் பேர் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். ஐரோப்பா முழுவதிலும் எந்த நாட்டில் எத்தனை யூதர்கள் என்ற பட்டியல் மேசையில் இருந்தது. கூட்டம் சுமார் ஒன்றரை மணி நேரம். கொலை ஏற்கனவே கிழக்கே தொடங்கிவிட்டிருந்தது. எந்தத் துறை என்ன செய்ய வேண்டும் என்ற ஒருங்கிணைப்புதான் அங்கே நடந்தது. ஜெர்மன் ரயில்வே கொலை முகாம்களுக்கு ஓட்டிய ரயில்களுக்குக் கட்டணம் வசூலித்தது. மூன்றாம் வகுப்பு, ஒருவழிப் பயணம், கூட்டமாகப் போனால் சலுகை. பத்து வயதுக்குக் கீழே அரைக் கட்டணம், நான்கு வயதுக்குக் கீழே இலவசம். கதைகளில் வரும் எந்த ராட்சசனும் என்னை இந்தக் கட்டண விவரம் அளவுக்கு உறைய வைத்ததில்லை.

கம்போடியாவில் போல் பாட்டின் ஆட்சி 1975 ஏப்ரலில் தொடங்கி 1979 ஜனவரியில் விழுந்தது. மூன்றே முக்கால் ஆண்டு. எண்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த மக்கள்தொகையில் 15 முதல் 20 லட்சம் பேர் கொலையிலும் பட்டினியிலும் நோயிலும் செத்தார்கள். நாம்பென் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தை எஸ்-21 என்ற சிறையாக மாற்றினார்கள். அதை நடத்திய டூச் முன்னாள் கணக்கு வாத்தியார். வந்தவர் ஒவ்வொருவரையும் படம் பிடித்து, எண் மாட்டி, சித்திரவதை செய்து, அமெரிக்க உளவாளி அல்லது ரஷ்ய உளவாளி என்று பக்கம்பக்கமாக வாக்குமூலம் எழுத வைத்தார்கள். டூச் ஓரங்களில் திருத்தம் எழுதுவார், விடைத்தாள் திருத்துவது மாதிரி. போல் பாட்டும் ஒரு காலத்தில் ஆசிரியர்தான். நேரில் பார்த்தவர்கள் அவரை மென்மையாகப் பேசுகிற, புன்னகை மாறாத ஆள் என்று வர்ணித்திருக்கிறார்கள்.

பைத்தியக்கார மன்னன் என்ற கதை நமக்கு ஏன் பிடிக்கிறது என்பது இங்கே புரியும். ஒருவன் பைத்தியம் என்றால் குமாஸ்தா, ரயில்வே அதிகாரி, வாத்தியார் எல்லோரும் தப்பித்துக்கொள்வார்கள். போருக்குப் பிந்திய நூரம்பர்க் விசாரணையின்போது நாஜித் தலைவர்களை உளவியலாளர்கள் சோதித்தார்கள். அறிவுத்திறன் தேர்வில் அநேகமாக எல்லோருமே சராசரிக்கு மேல். யூதர்களை முகாம்களுக்கு அனுப்பும் போக்குவரத்து ஏற்பாடுகளைக் கவனித்த ஐக்மனை 1961ல் ஜெருசலேமில் விசாரித்தபோது, சொன்னதைச் செய்த சாதாரண அதிகாரி என்றே அவர் தன்னைக் காட்டிக்கொண்டார். தத்துவவாதி ஹன்னா அரெண்ட்டும் அவரிடம் ஒரு சிந்தனையற்ற சாதாரணத்தனத்தைக் கண்டார். ஆனால் அர்ஜென்டினாவில் ஒளிந்திருந்த காலத்தில் நாஜி நண்பர்களிடம் அவர் பேசிய ஒலிநாடாக்கள் வேறு மாதிரி: செய்ததில் பெருமையும், போதவில்லையே என்ற குறையும். ஆக, சாதாரணமாகத் தெரிவதும் ஒரு வேஷமாக இருக்கலாம்.

தனிக் குற்றவாளிகளை ஆட்சியாளர்களோடு ஒரே பட்டியலில் போடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. ஆட்சியாளனுக்குச் சட்டமே கையில். கொலையாளி சட்டத்துக்கு ஒளிந்து வாழ்கிறவன். எண் ஊதிப்போவது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஹங்கேரியச் சீமாட்டி எலிசபெத் பாத்தோரி 1610 டிசம்பரில் பிடிபட்டாள். பணிப்பெண்களைச் சித்திரவதை செய்து கொன்றாள் என்று முந்நூறுக்கு மேற்பட்டவர்களிடம் சாட்சியம் வாங்கினார்கள். கூட்டாளிகளை விசாரித்துக் கொன்றார்கள். அவளை விசாரணையே இல்லாமல் கோட்டையில் அடைத்தார்கள், 1614ல் அங்கேயே செத்தாள். 650 பேர் என்ற பிரபலமான எண், யாரோ ஒரு பட்டியலைப் பார்த்ததாகக் கேள்விப்பட்டேன் என்று ஒரு சாட்சி சொன்னது. இளமைக்காக ரத்தத்தில் குளித்தாள் என்பது அந்தச் சாட்சியங்கள் எதிலும் கிடையாது. 1729ல், அவள் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, ஒரு பாதிரியார் எழுதிய நூலில் முதன்முதலாக அச்சேறியது. அவள் சொத்துக்காக நடந்த சதி என்று சிலர் முழுக்க மறுக்கிறார்கள். அத்தனை சாட்சியையும் தள்ளிவிட முடியாது என்பது என் எண்ணம்.

சிகாகோவின் எச். எச். ஹோம்ஸ் 1896ல் தூக்கிலிடப்பட்டது ஒரே ஒரு கொலைக்காக. 27 கொலை செய்தேன் என்று பத்திரிகைக்குக் காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தான். அவன் கொன்றதாகச் சொன்னவர்களில் சிலர் உயிரோடு இருந்தார்கள்! 200 என்பது பின்னால் வந்த மலிவுப் பதிப்புகளின் கைங்கரியம். டெக்சாஸில் ஹென்றி லீ லூகாஸ் நூற்றுக்கணக்கான கொலைகளை ஒப்புக்கொண்டான். தீராத வழக்குகளை முடிக்கப் போலீசுக்கு அது வசதி, சிறையில் நல்ல கவனிப்பு அவனுக்கு வசதி. பெரும்பாலானவை பொய் என்று பின்னர் தெரிந்தது.

இவர்களைவிட எண்ணிக்கையில் உறுதியானவர் இங்கிலாந்து டாக்டர் ஹெரால்ட் ஷிப்மேன், ஆனால் பல பட்டியல்களில் பின்னுக்குத்தான் வருவார். கோட்டையோ ரகசிய அறையோ அவரிடம் இல்லை. வயதான நோயாளிகளுக்கு ஊசி போட்டார், இறப்புச் சான்றிதழிலும் தானே கையெழுத்துப் போட்டார். 2000ல் 15 கொலைகளுக்குத் தண்டனை. பிறகு நடந்த அரசு விசாரணை 215 பேரைக் கொன்றதாக உறுதி செய்தது. இறப்புச் சான்றிதழை யார் சரிபார்ப்பது என்ற கேள்வியே பிரிட்டனில் அதற்கப்புறம்தான் பெரிதாக எழுந்தது.

கடைசியாக, இவர்களில் ஆட்சி செய்தவர்களை யாராவது தண்டித்தார்களா? நீண்ட காலம் அதற்கு வழியே இருக்கவில்லை. ஓர் அரசு தன் சொந்தக் குடிமக்களைக் கொன்றால் அது அந்த நாட்டின் உள்விவகாரம். 1945–46 நூரம்பர்க் விசாரணையில்தான் மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்ற அடிப்படையில் ஒரு அரசின் தலைவர்கள் கூண்டில் நின்றார்கள். 12 பேருக்கு மரண தண்டனை. 1948ல் ஐ.நா. இனப்படுகொலை ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. அப்புறமும் நெடுங்காலம் அது தாளிலேயே கிடந்தது. போல் பாட் 1998ல் காட்டுக்குள் செத்தார், உகாண்டாவை ஆண்ட இடி அமீன் 2003ல் சவுதி அரேபியாவில் நிம்மதியாகச் செத்தார். ருவாண்டாவின் பிரதமராக இருந்த ஜான் கம்பாண்டாவுக்கு 1998ல் இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை கிடைத்தது. அரசின் தலைமையில் இருந்த ஒருவர் அந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

ஆப்பிரிக்காவின் சாட் நாட்டை 1982 முதல் 1990 வரை ஆண்ட ஹிசேன் ஹாப்ரே, ஆட்சி கவிழ்ந்ததும் செனகலுக்கு ஓடிப்போய் வசதியாக வாழ்ந்தார். லியோபோல்ட் செய்ததை அவர் செய்யத் தவறியிருந்தார்: கோப்புகளை எரிக்கவில்லை. 2001ல் மனித உரிமை ஆய்வாளர்கள் கைவிடப்பட்ட ரகசியப் போலீஸ் தலைமையகத்துக்குள் போனபோது, தரையெல்லாம் தாள்கள். அவற்றைச் சேகரித்து ஆராய்ந்ததில் 12,321 பேரின் பெயர்கள் கிடைத்தன. காவலில் செத்தவர்களோ கொல்லப்பட்டவர்களோ 1,208 பேர். 898 கைதிகளின் நிலை பற்றி ஹாப்ரேவுக்கு நேரடியாக அனுப்பப்பட்ட 1,265 தகவல்களும் இருந்தன. எனக்கு ஒன்றும் தெரியாது, கீழே இருந்தவர்கள் செய்தது என்று சொல்ல இடமில்லாமல் போயிற்று. செனகல் தலைநகர் டக்காரில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் ஆதரவோடு அமைந்த சிறப்பு நீதிமன்றத்துக்கு ஒருமுறை அவரைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. 2016 மே மாதம் ஆயுள் தண்டனை விதித்தார்கள். 2021ல் தண்டனைக் கைதியாகவே இறந்தார்.